சோவியத்தில் எல்லோருக்கும் வீடு கிடைத்ததா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

சோவியத் யூனியனில் பிறந்த எல்லோருக்கும் அரசே வீடு கொடுத்தது. வாடகை என்று பெயருக்கு ஏதோ வாங்கினார்கள். நம் ஆள் ஆயுசு முழுக்க ஹோம் லோன் கட்டுகிறான். அப்படி ஓர் ஏற்பாட்டை எவனாவது தன் கையாலேயே உடைப்பானா? அங்கே இருந்தவர்கள் யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

இருந்தவன் என்ற முறையில் நானே ஆரம்பிக்கிறேன். படிக்கப் போனபோது அந்த ஊருக்கு லெனின்கிராட் என்று பெயர், படிப்பு முடிவதற்குள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. ஆக நான் பார்த்தது சோவியத்தின் வால் பக்கம். தலைப் பக்கம் பார்த்தவர்கள் என் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய தோழிகளும். அவர்கள் சொன்னதும் இதில் கலந்து வரும்.

வாடகை பற்றிச் சொன்னது சரி. 1928-ல் வைத்த வாடகை விகிதத்தைக் கடைசி வரை கூட்டவே இல்லை. தண்ணீர், எரிவாயு, குளிர்காலச் சூடேற்றம் எல்லாம் சேர்த்தாலும் சம்பளத்தில் ஒரு சின்ன மூலைதான் போகும். வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பம் என்று நான் அங்கே கேள்விப்பட்டதே இல்லை. இதைச் சும்மா சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் 1950-களின் பாதி வரைக்கும் பெரிய நகரங்களில் ஒரு சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஓர் அறை. சமையலறை, குளியலறை, கக்கூஸ், வராந்தா, டெலிபோன் எல்லாம் பொது. கம்முனால்கா என்பார்கள். சமையலறை யாருடையது என்பதை வைத்தே அந்த நாட்டின் எழுபது வருடத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

பிப்ரவரி 10

சரி, கம்முனால்கா எப்படி வந்தது.

1918 ஆகஸ்டில் நகரங்களில் வீடு, நிலம் மீதான தனியார் உரிமையை ஒழித்து ஆணை போட்டார்கள். வக்கீல், டாக்டர், வியாபாரி என்று வசதியாக இருந்தவர்களின் எட்டு அறை, பத்து அறை வீடுகளுக்குள் தொழிலாளிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பழைய உரிமையாளருக்கு ஒன்றிரண்டு அறை மிச்சம் விட்டார்கள், அதுவும் அவர் ஓடிப்போகாமல் இருந்தால். மாளிகையில் ஏழைக்கும் ஓர் அறை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடித்தளத்து ஈரத்திலும், ஆலைக் கொட்டகையின் அடுக்குக் கட்டிலிலும் கிடந்தவனுக்கு அது உண்மையிலேயே ஏற்றம்.

தலைவலி வந்தது அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில். கூட்டுப்பண்ணைக்காகக் கிராமத்தை உலுக்கியபோது கோடிக்கணக்கான பேர் நகரத்துக்கு ஓடி வந்தார்கள், புதிய ஆலைகளும் ஆள் கேட்டன. காசெல்லாம் எஃகுக்கும் அணைக்கும் போனது, வீட்டுக்குப் போகவில்லை. தலைக்கு 9 சதுர மீட்டர் என்று சுகாதார அளவு ஒன்று காகிதத்தில் இருந்தது. 1930-களின் மாஸ்கோவில் நிஜத்தில் கிடைத்தது ஏறக்குறைய 4. அலமாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் மகன் மருமகள், இந்தப் பக்கம் அம்மா அப்பா.

பிப்ரவரி 10, பிற்பகல்

"போரை மறந்துவிட்டீர்களே" என்கிறார் ஒருவர். மறக்கவில்லை, அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். ஜெர்மானியர் அழித்தவை என்று சோவியத் அரசு கணக்குக் காட்டியது 1,710 நகரங்களும் நகரியங்களும், 70 ஆயிரத்துக்கும் மேல் கிராமங்கள், வீடிழந்தவர் 2.5 கோடி. போர் முடிந்த பிறகு பல ஊர்களில் ஜனம் தரைக்குள் குழி தோண்டிக் கூரை போட்டு வாழ்ந்தது. அந்தக் கணக்கைச் சேர்க்காமல் பேசுவது அநியாயம்தான். ஆனால் நெரிசல் போரால் வந்தது இல்லை. 1941-க்கு முன்பே மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி 12

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு.

ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து பெத்ரோகிராட் பகுதியில் ஒரு கம்முனால்காவில் அறை எடுத்தேன். புரட்சிக்கு முன் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடு, நான் போனபோது ஏழு குடும்பம். வாசல் கதவில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் நேரே எத்தனை தடவை மணி அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். இவருக்கு ஒன்று, அவருக்கு மூன்று, எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு நீளம் ஒரு குட்டை. தப்பாக அடித்தால் தப்பான ஆள் கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வை இருக்கிறதே!

என் அறையின் கூரை என் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். அதில் சுண்ணச் சாந்தில் செய்த அழகான பூவளையம், பாதிதான் இருக்கும். மீதிப் பாதி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரரின் கட்டிலுக்கு மேல்.

கக்கூஸில் வரிசையாகப் பல்புகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி பல்பு, அதன் ஸ்விட்ச் அவரவர் அறைக்குள், மின்சாரம் அவரவர் மீட்டரில் ஓடும். அவசரத்தில் ஓடும்போது உங்கள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், போடாமல் போனால் இருட்டில்தான் வேலை. சுவர் ஆணிகளில் ஆளுக்கொரு கக்கூஸ் இருக்கை தொங்கும். நான் கதை விடுவதாக நினைப்பவர்கள் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த எவரையும் கேட்கலாம்.

சமையலறையில் மூன்று எரிவாயு அடுப்பு, ஏழு மேசை. எந்த பர்னர் யாருக்கு என்பது எழுதாத சட்டம். ஃபிரிட்ஜ் அவரவர் அறைக்குள். குளிர்காலத்தில் பால், வெண்ணெயை வலைப்பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவோம். வராந்தாவில் பொது இடம் கூட்டித் துடைக்கும் முறை அட்டவணை ஒட்டியிருக்கும். குடும்பத்தில் எத்தனை தலையோ அத்தனை வாரம். யார் தலையை எண்ணுவது, ஊரிலிருந்து வந்து தங்கும் அக்கா தலையாகுமா ஆகாதா என்பதில் நடந்த சண்டைகளுக்கு ஐநா சபை கூடியிருக்கலாம்.

போரில் ஜெர்மானியர் லெனின்கிராடை முற்றுகையிட்டபோது வீட்டுக்கார அம்மா குழந்தை. 1941 நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 25 வரை, வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மாவல்லாத கலப்படம் கணிசமான பங்கு. ரொட்டி வெட்டியதும் பலகையில் உதிர்ந்த துகளை உள்ளங்கையில் வழித்து வாயில் போட்டுக்கொள்வார், பேச்சை நிறுத்தாமலே. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சண்டை நடந்து பார்த்திருக்கிறேன். ரொட்டியை மட்டும் யாரும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 13

"கூட்டு வாழ்க்கை மனிதரை நெருக்கமாக்கியிருக்குமே?"

ஆக்கியது. எந்த அளவுக்கு என்றால், 1930-களில் பக்கத்து அறைக்காரரைப் பற்றி ரகசியப் போலீசுக்கு ஒரு கடுதாசி எழுதிப்போட்டால் அந்த அறை காலியாகும் வாய்ப்பு இருந்தது. அப்படி எழுதியவர்களும் இருந்தார்கள். அதே வீட்டில் கைதானவரின் குழந்தையைத் தன் குழந்தை மாதிரி வளர்த்த அண்டை வீட்டுக்காரியும் இருந்தார். இரண்டையும் ஒரே சமையலறையில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும். என்னால் இன்னும் முடியவில்லை.

பிப்ரவரி 15

சமையலறைக்கு வருகிறேன். 1920-களில் சமையலறையையே ஒழித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் இருந்தது தெரியுமா? பெண்ணை அடுப்படி அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பது என்பது லெனின் காலத்திலிருந்தே கட்சி பேசிய விஷயம். அதற்காக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே இடத்தில் சமைக்கும் சமையல் ஆலைகள் கட்டினார்கள், முதலாவது 1925-ல் இவானவோ-வஸ்னிசேன்ஸ்க் என்ற நெசவு நகரில். மாஸ்கோவில் கின்ஸ்பர்க் என்ற கட்டடக் கலைஞர் நிதித்துறை ஊழியர்களுக்குக் கட்டிய நர்கோம்ஃபின் கட்டடத்தில் (1930) சின்ன வீடுகளுக்கு முழுச் சமையலறையே கிடையாது, பொது உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொள் என்று ஏற்பாடு. கட்டடம் இன்னும் நிற்கிறது. சில வருடம் முன்பு புதுப்பித்து, இப்போது விலை உயர்ந்த வீடுகள்!

சமையலறையை ஒழிக்கும் கனவை ஸ்டாலின் காலம் ஓரங்கட்டியது. அடுப்படியும் போகவில்லை, அடிமைத்தனமும் போகவில்லை. ஆலையில் எட்டு மணி நேரம், அப்புறம் கடை வரிசை, அப்புறம் பொது அடுப்பில் தன் பர்னருக்காகக் காத்திருப்பு, அதுதான் சோவியத் பெண்ணின் நாள். நம்மில் பலருக்குச் சோவியத் நாடு அறிமுகமானது மாஸ்கோவில் அச்சடித்துத் தமிழில் வந்த மலிவுவிலைப் புத்தகங்கள் வழியாக. அவற்றின் வழவழப்பான படங்களில் டிராக்டர் ஓட்டும் பெண்ணைப் பார்த்திருக்கிறேன், சாயங்காலம் அவள் நின்ற வரிசையைப் பார்த்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 16

இனி ஸ்டாலினுக்குப் பின் நாட்டை ஆண்ட குருஷேவ். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும், 1956-ல் ஹங்கேரி எழுச்சியை அவர் நசுக்கியதை மறந்துவிட்டு இல்லை.

1954 டிசம்பரில் கட்டடத் துறையினர் மாநாட்டில் அலங்காரக் கோபுரம், தூண், சிலை கட்டுகிறவர்களை வறுத்தெடுத்தார். 1955 நவம்பரில் 'மிதமிஞ்சிய அலங்காரத்தை ஒழிப்பது' என்று ஆணை. 1957 ஜூலை 31-ல் பெரிய வீட்டுவசதி ஆணை. மாஸ்கோவின் தென்மேற்கில் நோவியே செர்யோமுஷ்கி என்ற இடத்தில் மாதிரிக் கட்டடங்கள் எழுந்தன. ஆலையிலேயே சுவர், தளம் எல்லாம் கான்கிரீட் பலகையாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கி நிறுத்தி இணைப்பது. இதில் முக்கியமான பொறியாளர் லகுத்தென்கோ. (அவருடைய பேரன்தான் மூமி ட்ரோல் ராக் குழுவின் பாடகர். சம்பந்தமில்லாத தகவல், ஆனால் எனக்குப் பிடிக்கும்.)

ஐந்து மாடி, ஏனென்றால் அதற்கு மேல் போனால் விதிப்படி லிஃப்ட் வைக்க வேண்டும். கூரை உயரம் ஏறக்குறைய 2.5 மீட்டர். சமையலறை 5, 6 சதுர மீட்டர். அடுப்பின் முன் நின்றபடி கையை நீட்டினால் ஃபிரிட்ஜும் வரும், மேசையும் வரும், ஜன்னலும் வரும். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரை மெலிதாக்கி ஒரு சிறு அலமாரி, குளிர்காலத்தில் அதுவே குளிர்பெட்டி. பல வகைகளில் குளியலும் கக்கூஸும் ஒரே அறை. ஜனங்கள் உடனே ஜோக் அடித்தார்கள்: குருஷேவ் குளியலறையையும் கக்கூஸையும் இணைத்துவிட்டார், தரையையும் கூரையையும் இணைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் பதவி போய்விட்டது.

அண்டை வீட்டுக்காரன் தும்மினால் இங்கிருந்தே ஆசி சொல்லலாம், அவ்வளவு மெல்லிய சுவர். கிண்டல் செய்ய எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் கோடிக்கணக்கான குடும்பங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்களுக்கு மட்டுமான ஒரு கதவைச் சாத்தின. தாழ்ப்பாள் உள்ள சொந்தக் கக்கூஸ், யாருடைய முறையும் இல்லாத அடுப்பு. வீட்டுக்கார அம்மாவின் தோழி ஒருவர் புது வீட்டில் முதல் இரவு சமையலறையில் உள்ளாடையோடு நின்று உருளைக்கிழங்கு வறுத்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்டது ஒன்றும் பெரிய சுதந்திரம் இல்லை, பாருங்கள்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேடிக்கை. உங்கள் முதல் வரியை குருஷேவ் ஏற்கெனவே சொல்லிவிட்டார். 1959 ஜூலை 24, மாஸ்கோவின் சகோல்னிகி பூங்காவில் அமெரிக்கப் பொருட்காட்சி. துணை ஜனாதிபதி நிக்சன் அவரை எலுமிச்சை மஞ்சள் நிற மாதிரிச் சமையலறைக்கு முன் நிறுத்தி, 14,000 டாலர் வீடு, எஃகு ஆலைத் தொழிலாளியாலும் வாங்க முடியும் என்று பெருமையடிக்க, எங்கள் நாட்டில் வீடு கிடைக்கப் பிறந்தாலே போதும் என்ற மாதிரி பதில் சொன்னார் குருஷேவ். அதைச் சொன்ன நேரத்தில் அந்த ஊர்க்காரர்களில் பெரும்பங்கு பொதுச் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தது.

பிப்ரவரி 17, இரவு

பிறந்தால் போதும் என்பதில் கிராமத்தான் சேர்த்தியே இல்லை. அவன் தன் மரவீட்டைத் தானே கட்டிக்கொண்டான். 1932 டிசம்பரில் உள்நாட்டு பாஸ்போர்ட்டும் குடியிருப்புப் பதிவும் (எந்த விலாசத்தில் வாழலாம் என்ற அரசு அனுமதி) வந்தன. கூட்டுப்பண்ணை விவசாயிக்குப் பொதுவாக அந்தப் பாஸ்போர்ட் கிடையாது. எல்லோருக்கும் தருவது என்று முடிவானதே 1974-ல்தான்.

பிப்ரவரி 20

ஹாஸ்டல் சமையலறை பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர். அங்கே இரண்டு நாற்றப் போர்கள் நடக்கும். வியட்நாம் மாணவர்கள் உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பொரிப்பார்கள். ரஷ்யர்களுக்கு அது சும்மா வெங்காயத்தோடு சாப்பிட வேண்டிய மீன், பொரித்தால் மூன்று மாடியும் காலி. சோவியத் ஹாஸ்டலில் இருந்த எவனிடமும் இந்தக் கதை இருக்கும். இரண்டாவது போர் எங்களுடையது: மிளகாய் வற்றல் தாளிப்பு. அது கிளம்பினால் வியட்நாமியரும் ரஷ்யரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். மக்கள் நட்புறவு என்று சுவரில் எழுதியிருந்ததை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு சமயத்தில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். குருஷேவ் கொடுத்த அந்த 6 சதுர மீட்டரில் என்ன நடந்தது? பேச்சு நடந்தது. கம்முனால்காவில் வாயை மூடிக்கொண்டு இருந்த ஜனம், கதவு கிடைத்ததும் ராத்திரி இரண்டு மணி வரை பேசியது. கெட்டியான தேயிலைச் சாறில் வெந்நீர் விட்டுக் கலக்கிய டீ, ஒரு சின்னத் தட்டில் வரேனியே என்ற, சர்க்கரைப் பாகில் காய்ச்சிய பழம், ஊறுகாய் வெள்ளரி, யாராவது கொண்டுவந்த பாட்டில். டேப் ரெக்கார்டரில் விசோட்ஸ்கி, அக்குஜாவா என்ற கவிஞர்-பாடகர்களின் பாடல்கள், பத்தாவது பிரதியிலிருந்து எடுத்த பதினோராவது பிரதி, பாட்டைவிட இரைச்சல் ஜாஸ்தி. கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த தடைசெய்யப்பட்ட கவிதைகள் கை மாறும். ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் டெலிபோன் டயலைப் பாதி சுழற்றிப் பென்சிலைச் செருகி வைப்பார்கள், இல்லையென்றால் குழாயைத் திறந்துவிடுவார்கள். பயனுண்டா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் செய்வார்கள்.

சமையலறையை ஒழிக்கக் கிளம்பிய அரசு, கடைசியில் தானே கட்டிக்கொடுத்த சமையலறையில்தான் தன்னைப் பற்றிய மிக மோசமான ஜோக்குகளைச் சம்பாதித்தது. இதை யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் எனக்கு ருசி.

பிப்ரவரி 21

"அப்படியானால் அந்தச் சமையலறைப் பேச்சுதான் சோவியத்தை உடைத்ததா?" இல்லை. எண்ணெய் விலைச் சரிவு, ஆப்கான் போர், காலிக் கடைகள், குடியரசுகளின் கோபம், கடைசித் தலைவர் கொர்பச்சோவ் திறந்த கதவுகள் என்று பட்டியல் பெரியது. மேலே எழுதியதை அந்த அளவுக்கு இழுக்க வேண்டாம். பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுநாள் காலை ஒழுங்காக வேலைக்குப் போய்க் கூட்டத்தில் கை தூக்கியவர்கள்.

பிப்ரவரி 24

இலவசத்தின் விலை என்ன என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். காசு இல்லை, காலமும் காலும்.

காலம் என்றால் வரிசை. தலைக்கு இத்தனை சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் பெயரே பதிவார்கள், அந்த வரம்பு ஊருக்கு ஊர் வேறு. பத்து வருடம் காத்திருப்பது சாதாரணம். கால் என்றால் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பது. பெரிய ஆலைகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே வீடு கட்டின, ஆகவே வேலையை விட்டால் வரிசையில் இருந்த இடமும் போகும். பிடிக்காத மேலதிகாரியை வீட்டுக்காகச் சகித்துக்கொண்டு கிடந்தவர்கள் எத்தனையோ. காசு சேர்த்தவர்கள் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் சேரலாம், அது முன்பணம் கட்டித் தவணையில் வாங்குவது, கிட்டத்தட்ட ஹோம் லோன்தான்!

வீட்டை விற்க முடியாது, மாற்றிக்கொள்ளலாம். அதற்காக விளம்பர இதழே வந்தது. இரண்டு அறை கொடுத்து, பிரிந்துபோகும் தம்பதிக்கு வெவ்வேறு இடத்தில் ஒவ்வோர் அறை, அதற்கு மூன்றாமவர் ஒருவர், அவருக்கு நான்காமவர் என்று சங்கிலி நீளும். ஒருவர் பின்வாங்கினால் எல்லாம் குளோஸ். விவாகரத்தாகியும் அதே அறையில் திரை கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். மாஸ்கோ பதிவுக்காகக் கல்யாணம், பாட்டி இறந்தால் அவர் அறை அரசுக்குப் போய்விடுமே என்று பேரனைப் பாட்டி விலாசத்தில் பதிவது, இவை எல்லாம் குடும்பத் தந்திரங்கள். சொத்தே இல்லாத நாட்டில் சொத்துச் சண்டை இல்லாமல் இல்லை.

1986-ல் கட்சி மாநாட்டில் கொர்பச்சோவ் 2000-க்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு என்று வாக்களித்தார். அதாவது எல்லோருக்கும் இன்னும் கொடுக்கவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடிப் பதில் என்னிடம் இல்லை.

மார்ச் 1

தாச்சா (ஊருக்கு வெளியே உள்ள சின்னத் தோட்ட வீடு) பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டவருக்கு: 1949-லிருந்து வேலையிடங்கள் வழியாகத் தோட்ட நிலம் கொடுத்தார்கள், பின்னாளில் 600 சதுர மீட்டர் என்பதே எல்லோர் வாயிலும் நின்ற அளவு. 1992 ஜனவரி 2-ல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது சேமிப்பெல்லாம் சில மாதத்தில் கரைந்தது. அந்தக் குளிர்காலங்களைப் பலர் கடந்தது தாச்சா உருளைக்கிழங்கில். எங்கள் பேராசிரியர் ஒருவர் மே மாத வகுப்புக்கு நகக்கண்ணில் மண்ணோடு வருவார்.

மார்ச் 4

"உடைப்பானா" என்று கேட்டாரே, உடைக்கவில்லை, எழுதிக்கொடுத்தார்கள். 1991 ஜூலையில் வந்த சட்டப்படி குடியிருப்பவர் தன் வீட்டை இலவசமாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். 90-களின் மொத்தக் கொள்ளையில் சாதாரண ஜனத்தின் கையில் தங்கிய ஒரே பெரிய சொத்து அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் தனியாக இருந்த வயதானவர்களிடம் ஏமாற்றிப் பிடுங்கிய கும்பல்கள் இருந்தன.

2017-ல் மாஸ்கோ நகராட்சி ஐந்து மாடிக் கட்டடங்களை இடித்து, குடியிருப்பவர்களைப் புது அடுக்குமாடிக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. பட்டியலில் 5,000-க்கும் மேல் கட்டடங்கள், ஏறக்குறைய 10 லட்சம் பேர். அந்த மே மாதத்தில் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு காலத்தில் தாங்களே கிண்டல் செய்த வீட்டுக்காக! என் நண்பர் ஒருவரின் கட்டடமும் பட்டியலில். அவர் சாதகமாக ஓட்டுப் போட்டார், அவர் மனைவி எதிராக. சுவர் மெலிசு, குழாய் ஒழுகுகிறது, சரி. ஆனால் கீழே ஐம்பது வருடம் வளர்ந்த பாப்ளர் மரங்கள், ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் குழந்தை விளையாடும் முற்றம். புதுக் கட்டடம் இருபது மாடி, கீழே கார்கள். நானாக இருந்தால் மனைவி பக்கம்.

மார்ச் 5

கடைசியாக வந்த கேள்வி: மகன் பீட்டர்ஸ்பர்க்கில் படிக்கப் போகிறான், ஒரு கம்முனால்கா அறை மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

எடுக்கலாம். அங்கே இன்னும் பல்லாயிரக்கணக்கில் கம்முனால்காக்கள் இருக்கின்றன, ஊரின் நடுவிலேயே கிடைக்கும். எத்தனை குடும்பம், எத்தனை அடுப்பு, யார் குடிப்பவர் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பதிவுக் காகிதம் எழுதித் தருவார்களா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. கோடையில் பராமரிப்புக்காக இரண்டு வாரம் வரை வெந்நீரை நிறுத்துவார்கள், பயப்பட வேண்டாம், ஊர் முழுக்க அப்படித்தான். மிளகாய் தாளிப்பதாக இருந்தால் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அட்டவணையில் முதல் வாரத் துடைப்பு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.